ரிப்பன்காரரின் முன்ஜாக்கி

‘ஆபத்தை அது பிறப்பதற்கு முன்பே மோப்பம் பிடித்து, தம் உயிரினும் மேலாகப் பிறர் உயிரைக் காத்து, பணிக்காலம் முழுவதும் எவருக்கும் சிறு காயமும் நேராமல் ஆலையைக் கட்டிக்காத்த செயல்வீரர்.’

கூடத்துச் சுவரில், தொலைக்காட்சிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆலை கொடுத்த பாராட்டுப் பத்திரத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார். எதிரே சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பவர் வேறு ஒருவர். இருவருக்கும் பெயர் ஒன்று என்பதைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது.

ஆலையின் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற இவரை அங்கே வேலை பார்த்தவர்கள் ரிப்பன்காரர் என்றுதான் சொன்னார்கள். பள்ளம், அறுந்த ஒயர், ஒழுகும் குழாய், எது காதில் விழுந்தாலும் ஓடிவருவார், சிவப்பும் வெள்ளையுமான ரிப்பனைச் சுற்றிக் கட்டுவார், போய்விடுவார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் தரை உடைந்து ஒரு குழி இருந்தது. அவர் பணியில் சேர்ந்தபோது முழங்கால் ஆழம், ஓய்வுபெற்றபோது இடுப்பு ஆழம். ரிப்பன் மட்டும் வெளுக்க வெளுக்க மாற்றப்பட்டு எப்போதும் புதுசாகவே இருந்தது. யாருக்கும் காயம் நேரவில்லை என்பதும் ஒருவகையில் உண்மைதான். அடிபட்டவர்களையெல்லாம் ‘வீட்டில் வழுக்கி விழுந்தவர்’ என்று எழுதிவிடுவது அவருடைய வழக்கம். அந்த ஆலைக்காரர்களைப் போல வீட்டில் வழுக்கி விழுந்தவர்கள் உலகில் வேறெங்கும் இருந்திருக்க முடியாது.

ஓய்வுபெற்றவர் சும்மா இருந்திருக்கலாம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சிறிய டிரெய்லர் ஒன்றை வாங்கினார். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒருவர் குனிந்து சமைக்கலாம், மூன்றாமவர் மூச்சு விட்டால் இடிக்கும். வாங்கிய நாள் முதல் அது வாசலிலேயே நின்றது. பாதுகாப்பு ஏற்பாடுகள் முடியவில்லை என்றார். மனைவி அதன்மேல் போர்வை காயப்போட்டாள்.

போர்வையை எடுத்துவிட்டுக் கிளம்பியே ஆகவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அவளுடைய அக்கா, மகனோடு இருந்துவிடக் கடல் தாண்டிப் போகிறாள். முழங்கால் தேய்ந்த அந்த வயதில் திரும்பி வருவதெல்லாம் பேச்சுக்குத்தான். போவதற்கு முன் ஏரிக்கரை முகாமில் தங்கையோடு ஒரு ராத்திரி, சின்ன வயதில் ஒரே கட்டிலில் கிடந்து பேசியது போல, பேசிக் கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். சனிக்கிழமை அங்கே காத்திருப்பாள், ஞாயிறு விமானம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வெள்ளோட்டம். டிரெய்லரின் முன்பக்கம், இரண்டு இரும்புச் சட்டங்கள் கூம்பி ஒன்று சேருமிடத்தை மூக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த மூக்கைத் தாங்கி நிற்பது முன்ஜாக்கி. கைப்பிடியைச் சுற்றினால் இறங்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏறும் ஓர் இரும்புக் கால். மூக்கைக் காரில் மாட்டியதும் அந்தக் காலைத் தூக்கிவிட வேண்டும். தூக்காமல் ஓட்டுவது, கட்டிப்போட்ட மாட்டை அவிழ்க்காமல் விரட்டுவது மாதிரி.

ரிப்பன்காரர் ஸ்டீயரிங் முன் உட்கார்ந்து, தாமே தயாரித்த சோதனைத் தாளைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்.

“முன்ஜாக்கி தூக்கப்பட்டது. சரி.”

“தூக்கினீங்களா?” என்றாள் மனைவி.

“டிக் போட்டிருக்கு பாரு.”

“டிக் எப்ப போட்டீங்க?”

“நேத்தே போட்டாச்சு. கடைசி நேரத்துல அவசரப்பட்டா தப்பு வரும்.”

ஆலையிலும் அப்படித்தான். முதலில் டிக், பிறகு நேரமிருந்தால் போய்ப் பார்க்க ஒரு நடை. கார் நகர்ந்தது. வாசல் சாக்கடையின் கம்பி மூடியில் ஜாக்கியின் கால் மாட்டிக்கொண்டது. பல்லைக் கூசவைக்கும் ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தபோது அது முழங்கையைப் போல மடங்கியிருந்தது.

அவர் முதல் காரியமாக ரிப்பன் கட்டினார். பிறகு பயணம் ரத்து என்று அறிவித்தார்.

“விபத்து நடந்த வண்டிய விசாரணை முடியாம நகத்தக் கூடாது.”

“விசாரணை யாரு பண்றது?”

“நான்தான்.”

“வண்டி ஓட்டினது யாரு?”

அதற்கு அவர் சாக்கடை மூடியின் தரத்தைப் பற்றிப் பேசினார். மனைவி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. உள்ளே போய்த் தம்பிக்கு போன் போட்டாள்.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எறும்பின் கண்ணளவு திருகாணிகளோடு வாழ்கிறவன். வரும் வழியில் புது ஜாக்கியும் ஸ்பேனர்களும் வாங்கிக்கொண்டு, அவற்றின் கனத்தைக் கண்டு மிரண்டு போய் வந்து இறங்கினான்.

“மூணே போல்ட்டுதான் அத்தான். கழட்டி எடுத்துட்டு இத சொருகி முடுக்கணும். கார்லயே மாட்டியிருக்கட்டும், மூக்க அதுவே தாங்கிக்கும்.”

சரியான யோசனை. அதனாலேயே நிராகரிக்கப்பட்டது.

“மச்சான், கார்ங்கறது எது? பெட்ரோல், பேட்டரி, சக்கரம். மொத்தமும் ஆபத்து. மொதல்ல காரப் பிரிக்கணும். அதுதான் விதி.”

ஆக, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்த ஒரே பொருளைப் பாதுகாப்பின் பெயரால் அப்புறப்படுத்தினார்கள். இருவருமாக மூக்கைத் தூக்கி, காரின் கொண்டியிலிருந்து விடுவித்து, ஒரு மர முக்காலியின்மேல் வைத்தார்கள். கார் எதிர்ச்சாரிக்கு நாடு கடத்தப்பட்டது, அதற்கும் ரிப்பன். மூக்கு எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. ரிப்பன்காரர் அதைத் தம் புஜபலம் என்று எடுத்துக்கொண்டார். தண்ணீர்க் கேன்கள், மடக்கு நாற்காலிகள், சமையல் சாமான் எல்லாவற்றையும் டிரெய்லரின் வால்பக்கம் அடுக்கச் சொன்னவர் அவர்தான் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை. மூக்கில் கேஸ் சிலிண்டர் பெட்டி இருக்கிறது, தீப்பிடித்தால் சாமான்களாவது தப்பிக்கட்டும் என்பது அவருடைய தர்க்கம்.

ஹெல்மெட் போட்டார். மச்சானுக்கும் போட்டுவிட்டார். கையுறை, கண்ணாடி, மின்னும் சட்டை. முட்டுக்கட்டை போடுவதில் வாழ்நாள் அனுபவம் உள்ளவர், டிரெய்லரின் சக்கரங்களுக்கு மட்டும் அதைப் போட மறந்துவிட்டார். மனைவி இரண்டு செங்கல்லை எடுத்துவந்து காலால் தள்ளிச் செருகினாள்.

வளைந்த ஜாக்கி அடித்துப் பிடுங்கியதில் ஒருவழியாக வந்துவிட்டது. தம்பி புதியதைத் துளையில் சொருகி, கீழிருந்து கைவிட்டு நட்டைத் தேடிக்கொண்டிருந்தான். வெளிச்சம் குறைந்து வந்தது. டார்ச்சை எடுக்க மனைவி டிரெய்லரின் பின்கதவு வழியே ஏறினாள்.

அவள் கனத்தில் வால் தாழ, மூக்கு எழுந்து நின்றது. முக்காலி உருண்டது. தம்பி கையை இழுத்துக்கொண்டு பின்னால் விழுந்தான். உள்ளே பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. பயந்துபோய் அவள் கீழே குதிக்க, மூக்கு இறங்கி, ஒரு கணம் முன்பு தம்பியின் விரல்கள் இருந்த இடத்தில் தரையை அறைந்தது.

ரிப்பன்காரர் ரிப்பன் உருளையைத் தேடினார்.

“அத்தான், அத அப்பறம் கட்டலாம்” என்றான் தம்பி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தபடி. “வால்ல இருக்கற கேன எல்லாம் எறக்கிடலாம்.”

“முடியாது. கட்டியிருக்கேன்.”

“அவுருங்க.”

“என் கட்டு அவுராது” என்றார். ஆண்டுக்கணக்கான பெருமை அந்தக் குரலில் இருந்தது. தம்பி போய் இழுத்துப் பார்த்தான். உண்மைதான். வாழ்க்கையில் அவர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த முடிச்சு. அதுவும் வேண்டாத இடத்தில்.

“கத்தி இருக்கா அக்கா?”

“அறுத்தா நாளைக்கு எதால கட்டுவ?” என்ற மனைவி, புருஷனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். எடை போடுகிற பார்வை. “என்னங்க, நீங்க எவ்வளவு இருப்பீங்க?”

“எதுக்கு?”

“வந்து மூக்குல உக்காருங்க.”

“நானா? மேற்பார்வை?”

“அங்க உக்காந்து பண்ணுங்க. என் அக்கா நாளைக்கு அங்க காத்துட்டு இருப்பா. அவன் வெரல் போச்சுன்னா அவளப் பாக்கறதும் போச்சு.”

முக்காலியை நிமிர்த்தி, மூக்கை அதன்மேல் வைத்து, அவரை மூக்கின்மேல் வைத்தார்கள். தெருவைப் பார்த்தபடி, ஹெல்மெட்டோடு, மின்னும் சட்டையில், இரும்புச் சட்டத்தின்மேல் அவர் அமர்ந்திருந்த கோலத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாலும் காணக் கிடைக்காது. டிரெய்லர் அசையவில்லை. ஆலை அவருக்குக் கொடுத்த எந்தப் பதவியையும்விட இது அவருக்குப் பொருந்தியது.

நாயோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். “என்ன சார், கிளம்பலையா?”

“நிலைத்தன்மை சோதனை.”

“யாருக்கு?” என்று கேட்டுவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

உட்கார்ந்த இடத்திலிருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. கைப்பிடி பின்பக்கம் பார்த்துத்தான் இருக்கவேண்டும், நடப்பவர் காலில் இடிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். தம்பி அப்படியே வைத்து மூன்று போல்ட்டையும் முடுக்கி, கைப்பிடியைச் சுற்றினான். அரைச் சுற்றில் அது சிலிண்டர் பெட்டியில் முட்டி நின்றது.

“சுத்த மாட்டேங்குது அத்தான்.”

“அழுத்திச் சுத்து.”

“பெட்டி இருக்கு.”

“பெட்டிய யாரு அங்க வெச்சா?”

“நீங்க வாய மூடிட்டு உக்காருங்க” என்றாள் மனைவி. மூன்று போல்ட்டும் மறுபடி கழன்றன. தூறல் போட ஆரம்பித்தது. அவருடைய ஒரு கால் மரத்துப் போயிற்று. சட்டைப்பையில் போன் அடித்தது, எடுக்க உடம்பைத் திருப்பினார், முக்காலி முனகியது. கீழே மச்சானின் கை. அவர் திரும்பாமல் நேரானார். போன் அடித்து ஓய்ந்தது. அதன்பிறகு, ஆச்சரியம்தான், ஒன்றும் பேசவில்லை.

கைப்பிடி பக்கவாட்டில் திரும்பி, தடையில்லாமல் முழுவட்டம் சுற்றியபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. இறக்கிவிட்டபோது அவரால் நிற்க முடியவில்லை. தம்பி தாங்கிப் பிடித்தான்.

மறுநாள் ஏரிக்கரையில் அக்காவும் தங்கையும் டிரெய்லருக்குள் படுத்து, விடியும்வரை பேசினார்கள். காரில் படுத்தவருக்கு அவர்கள் சிரிப்பது கேட்டது. காலையில் பக்கத்துக் கூடாரக்காரரிடம், முன்ஜாக்கி மாற்றும் பணியைத் தாம் எப்படித் திட்டமிட்டு, வழிநடத்தி, சிறு காயமும் நேராமல் முடித்துக் கொடுத்தோம் என்று விவரித்தார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கூடத்துச் சுவரில் இன்னொரு சட்டத்துக்கு இடமிருக்கிறது.

அவர் செய்தது இவ்வளவுதான்: மூன்று போல்ட்டும் இறுகும்வரை டிரெய்லரின் மூக்கில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை.