கதவைத் தட்டியது யார்?

கதவைத் தட்டியது அந்தப் பையன்தானா? எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தெரியும் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டேன்.

சிதம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியில் பரங்கிப்பேட்டை அக்கா ஒருவர் குடியிருக்கிறார். அவருடைய ஒரே மகன் சவுதிக்கு வேலைக்குப் போனவன். வாராவாரம் வந்த போன் ஒரு ரம்ஜானோடு நின்றுவிட்டது. கடலூரில் ஏஜென்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்தும் பதில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இந்தப் பத்திரிகையில் திரைப்பட விழாக்களுக்குப் போய்வந்த சிறு படங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். சென்னைத் தோழி டிவிடி அனுப்புவாள். கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூங்கவைத்துவிட்டு மத்தியானத்தில் பார்ப்பேன். அதில் ஒன்று, வெளிநாட்டு வேலைக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் கதை. கடைசியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். தாய் தாழ்ப்பாளில் கை வைத்ததும் திரை இருண்டுவிடுகிறது. ‘கதவைத் திறந்து காட்டாததுதான் இயக்குநரின் துணிச்சல். அவசியம் பாருங்கள்’ என்று எழுதினேன்.

அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு இறங்கி வந்தார். “நம்ம கதையாட்டம் இருக்கே. எனக்கும் போட்டுக் காட்டும்மா.”

வேண்டாம் என்றிருக்கலாம். நான் எழுதியதை நம்பி ஒருவர் வந்த பெருமையில் போட்டுவிட்டேன். திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். திரை இருண்டது.

“கரண்ட் போச்சா?”

“இல்லக்கா. படம் முடிஞ்சிடுச்சி.”

“வெளையாடாத. வந்தது யாரு?”

“அத காட்ட மாட்டாங்கக்கா.”

“அந்தக் காலத்து சினிமாப் பாட்டுப் புத்தகத்துல ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ன்னு போடுவான். திரையிலயே இல்லன்னா எங்க போயி பாக்குறது? ஒனக்குத் தெரியாமயா அவசியம் பாருன்னு எழுதுன?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையை விடவில்லை.

“அவன்தான்க்கா. வந்துட்டான்.”

“நெனச்சேன். செருப்பு சத்தத்துலயே தெரிஞ்சிது” என்றார்.

மறுநாள் மாடியிலிருந்து சேமியா பாயசம் வந்தது. “அந்தப் புள்ள வந்துட்டான்ல, நம்ம புள்ளயும் வந்துடுவான்” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன் வரவில்லை.

இப்போது என் மகள் பள்ளிக்குப் போகிறாள். வேன் சற்றுத் தாமதித்தாலே தெருமுனைக்கு ஓடிவிடுகிறேன். அப்படிப்பட்ட நான், ஒரு தாய்க்குப் பதில் சொல்லாததைத் துணிச்சல் என்று எழுதினேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது. நான் சொன்ன பொய்யை நினைத்தால் அதைவிட அதிகம் கூசுகிறது. சொல்லாமல் இருந்திருந்தால் மட்டும் சரியாகியிருக்குமா என்றும் தோன்றுகிறது.

இந்தப் பத்திரிகையை மாதாமாதம் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவள் நான்தான். இந்த இதழையும் அக்கா கேட்பார். கொடுக்கட்டுமா, வேண்டாமா? இத்தனை நாள் எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று நான் உங்களுக்குச் சொன்னேன். இதை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.