இரண்டு மூடி அரிஷ்டம்

ஹமீது பாயின் வேலை போனதற்கு நான்தான் காரணம். என் மகளின் பள்ளி வேனை வருடக்கணக்காக ஓட்டியவர். அன்று காலை பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது செங்கம் ரோட்டில் என்னை ஏற்றிக்கொண்டார். மனிதருக்கு விடாத இருமல். என் பையிலிருந்த அரிஷ்டத்தை இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த திருப்பத்திலேயே போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னது. கருவி கத்தியது.

"இன்னா பாய், காலங்காத்தாலயே ஜாஸ்தியாயிடுச்சா?" என்று சிரித்தார் காவலர்.

"நான் தொட்டதே இல்ல சார். இப்பதான் இருமல் மருந்து குடிச்சேன். வாய் கொப்புளிச்சுட்டு, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி ஊதறேன். அம்மா, நீங்க சொல்லுங்கம்மா!"

கருவியில் எண் சிவப்பாக எரிந்தது. மருந்து ஊற்றிய என் கையை விட்டுவிட்டு நான் அந்த எண்ணை நம்பினேன். முன்பே குடித்திருப்பாரோ? பேசாமல் இறங்கி நடந்தேன்.

மறுநாள் பள்ளி அவரை நீக்கியது. அப்புறம்தான் சீசாவைத் திருப்பிப் படித்தேன்: புளிக்கவைத்த மருந்து, ஆல்கஹால் உண்டு. பள்ளிக்கு ஓடினேன்.

"இத ஏங்க அங்கயே சொல்லல?" என்றார் தலைமையாசிரியை.

அந்தக் கருவிக்கு ஹமீது பாய் யாரென்று தெரியாது. எனக்குத் தெரியும்.