அழைப்பு வைத்த சோறு

மண்ணாங்கட்டி எந்தக் கல்யாண வீட்டுக்கும் முன்வாசல் வழியாகப் போனதில்லை. பின்பக்கம், கோட்டை அடுப்பு புகைகிற இடத்துக்கு நேராகத் தள்ளுவண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார். கடைசிப் பந்தி எழுந்ததும் சமையல்காரர் கலியபெருமாள் கண்ணைக் காட்டுவார். அதற்காகவே காத்திருந்தவர் போல மண்ணாங்கட்டி ஒவ்வொரு அண்டாவுக்குள்ளும் தலையை விட்டு மோந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இலையில் பட்டதைத் தொடமாட்டார். சூட்டோடு மூடினால் சோறு வேர்த்துவிடும் என்று வெள்ளை வேட்டியை விரித்து ஆறப்போட்டு, அப்புறம்தான் மூங்கில் கூடையில் அள்ளுவார். தேங்காய்ப்பால் விட்ட பாயசத்தை நம்பவே மாட்டார். எல்லாவற்றிலும் முதலில் தானே ஒரு வாய் சாப்பிட்டு, வயிறு என்ன சொல்கிறது என்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவார்.

"ஊர்ல இருக்கிற சாம்பாரெல்லாம் உன் வயித்துக்குத்தான் போவுது. ஒடம்புல ஒட்ட மாட்டேங்குதே, எங்கய்யா வெச்சிருக்க?" என்பாள் அவர் மனைவி செல்லம்மாள்.

"வண்டி தள்றதுல கரைஞ்சிடுதுடி."

மரக்காணம் உப்பளத்தில் தலைச்சுமையாக உப்பு சுமப்பதுதான் அவருடைய தொழில். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்திகளெல்லாம் ஒரே ஏரியாகிவிடும். தை பிறக்கிறவரை கூலி கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில்தான் சுற்றுப்பட்டு ஊர்களில் கல்யாணங்கள் வரிசையாக வரும். அப்படி ஒரு கல்யாணத்துக்குத் தண்ணீர் சுமக்கப் போன இடத்தில், மீந்துபோன இரண்டு கூடைச் சோற்றைக் குழி வெட்டிக் கொட்டுவதைப் பார்த்தார். அன்றைக்கு அவர் வீட்டில் இரண்டு நாளாகக் கூழ். குழிக்குள் இறங்கி மேல்சோற்றையாவது அள்ளிவிடலாமா என்று தோன்றியதாம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சொல்லி முடித்ததும் வண்டிச் சக்கரத்தில் எதையோ சரிசெய்யக் குனிந்துவிடுவார்.

அந்தச் சக்கரம் உருள ஆரம்பித்தது அப்போதுதான். எங்கே கல்யாணம் என்று கலியபெருமாள் சொல்வார். அடுப்பு எரியாத வீடுகளின் வாசலில், தையல் வேலை பார்க்கும் லூர்துமேரி கரண்டி பிடிப்பாள். மண்ணாங்கட்டி வண்டி தள்ளுவார். யாரும் பேர் வைக்கவில்லை. ஊர் அதைச் சோத்து வண்டி என்றது.

எழுபத்தாறாம் வருஷம் கார்த்திகையில் அனுமந்தையில் தங்கராசு மகளுக்குக் கல்யாணம். இரண்டு படகு வைத்திருக்கிறவர், ஊரையே அழைத்திருந்தார். முதல் நாள் பிடித்த மழையில் சாலை அறுந்து பஸ் நின்றுவிட்டது. விடியற்காலை முகூர்த்தத்துக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. ஒன்பது மணிக்கு நூறு பேர் சாப்பாடு கரண்டி படாமல் கிடந்தது.

வண்டி அன்றைக்கு முதல்முறையாக, உப்பளக் கூலிகள் குடியிருந்த அளத்து மேட்டுக்குப் போனது. பாத்திகளுக்கு நடுவே மேடான இடத்தில் பதினொரு குடிசைகள். சுற்றிலும் தண்ணீர். பத்து நாளாக அங்கே அடுப்பு சரியாக எரியவில்லை என்று மண்ணாங்கட்டிக்குத் தெரியும்.

முதல் குடிசை பாஞ்சாலையுடையது. உப்பு வாரும் பெண்களுக்கு அவள்தான் தலைமை. அவள் உட்கார்ந்தால் பதினொரு வீடும் உட்காரும்.

"நில்லுண்ணே. யார் வூட்டுச் சோறு?"

"அனுமந்த தங்கராசு வூட்டுக் கல்யாணம். எல படாதது, பாஞ்சால. வந்து பாரு, மேல் சோறுகூட கலையல."

"எச்சிலுன்னு நான் சொன்னனா? எங்களுக்கு வெத்தல பாக்கு வெச்சாங்களா?"

மண்ணாங்கட்டி சோற்றுக் கூடையைத் திரும்ப மூடினார்.

"அழைக்காத கல்யாணச் சோத்த உள்ள எடுத்துனு போனா, நாளைக்கு என் பொண்ணு கல்யாணத்துக்கு எவண்ணே மதிச்சி வருவான்?"

"ஏம்மா, புள்ளைங்க மொகத்தக் கொஞ்சம் பாரேன்" என்றாள் லூர்துமேரி.

"பாத்துட்டுத்தான் பேசறன்."

பாஞ்சாலையின் பெண் வடைக் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா திரும்பியதும் சட்டென்று வானத்தைப் பார்த்தாள். மற்ற பத்து வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் பாத்திரம் எடுத்து வரவில்லை.

மண்ணாங்கட்டிக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது அவருக்கும் தெரிந்த நியாயம்தான். அழைக்காத வீட்டுக்கு அவருடைய அப்பாவும் போனதில்லை. மூன்று வருஷமாகச் சோற்றை மட்டும்தான் மோந்து பார்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"வெத்தல பாக்கு வந்தா சாப்புடுவீங்களா?"

"நீ கடையில வாங்கிட்டு வந்து நீட்டினா கெடையாது. வூட்டுக்காரங்க வரணும்."

மணி பத்தரை. கத்திரிக்காய் போட்ட சாம்பார் பன்னிரண்டைத் தாண்டாது. குடிசைக்குள்ளே காலில் உப்புப் புண்ணோடு படுத்திருந்த பாஞ்சாலையின் புருஷன் கலியன் குரல் கொடுத்தான்.

"என் சைக்கிள எடுத்துனு போண்ணே. பிரேக் மட்டும் புடிக்காத."

"ஏம்பா?"

"கெடையாது."

தங்கராசு காலிப் பந்தலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"சோறுதான் குடுத்தாச்சே. இன்னும் இன்னா?"

"வெத்தல பாக்கு வேணும்ண்ணே."

"போட்டுக்கவா?"

மண்ணாங்கட்டி விஷயத்தைச் சொன்னார். பாதி சொல்லும்போதே தங்கராசுக்கு முகம் மாறியது. "தாலி கட்டி அஞ்சு மணி நேரம் ஆவுது. இனிமேப் போயி அழைப்பு வெக்கறதா? சிரிப்பாங்கய்யா!"

அவர் மனைவி வேலம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "சிரிக்கறதுக்காச்சும் ஆள் வரட்டும். ஒத்தப் பொண்ணு கல்யாணத்துல பந்தல் காலியாக் கெடக்குது. சாயங்காலம் நலங்கு இருக்குதில்ல? அதுக்கு அழைச்சா தப்பா?" கணவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமத்தை எடுத்து வைத்தாள். "எத்தினி வூடு?"

"பதினொண்ணு."

"வண்டி இருக்குதா?"

"சைக்கிள்தான்."

பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் தட்டும் மறு கையில் குடையுமாக வேலம்மாள் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். பிரேக் விஷயத்தை மண்ணாங்கட்டி சொல்லவில்லை. சாலையிலிருந்து அளத்துக்கு இறங்கும் சரிவில் சைக்கிள் தன் இஷ்டத்துக்கு ஓடியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. "யோவ், புடிய்யா!" என்ற கூச்சல் கேட்டுப் பதினொரு குடிசையும் வெளியே வந்தது. சேற்றில் இரண்டு காலையும் ஊன்றி ஒருவழியாக நிறுத்தினார். குடை பாத்தித் தண்ணீரில் மிதந்தது. தட்டு மட்டும் கவிழவில்லை.

வேலம்மாள் நேராகப் பாஞ்சாலை முன்னால் போய் நின்றாள். அவள் நெற்றியில் குங்குமம் வைத்துத் தட்டை நீட்டினாள்.

"எம் பொண்ணுக்குக் கல்யாணம்மா. சாயங்காலம் நலங்கு. குடும்பத்தோட வரணும், சாப்புடணும். நேரங்கெட்ட நேரத்துல வந்து அழைக்கறன், மனசுல வெச்சிக்காத."

பாஞ்சாலை இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டாள். "உன் தலையெல்லாம் நனைஞ்சி போச்சேக்கா" என்றாள். குரல் வேறாக இருந்தது.

பதினொரு வாசலுக்கும் வேலம்மாள் போய் வந்தாள். அதற்குள் பாஞ்சாலை ஒரு துணியில் உப்பு கட்டி வைத்திருந்தாள். உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று தட்டில்தான் வைத்தாள். "எங்க சீரு. வேற இல்ல."

"கருவாடு போடறவங்களுக்கு இதவிட இன்னா சீரு வேணும்!" என்றாள் வேலம்மாள்.

அதற்கப்புறம்தான் பாத்திரங்கள் வெளியே வந்தன. லூர்துமேரி கரண்டியை எடுத்தாள். மண்ணாங்கட்டி, "இரு" என்றார். சாம்பார் அண்டாவுக்குள் தலையை விட்டு மோந்தார். ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். ஊசிப் போயிருந்தது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய்க் கொட்டிவிட்டு வந்தார். பதினொரு வீட்டுக்கும் போதுமான சாம்பார் அது.

ரசமும் சோறும் கூட்டும் வடையும் நன்றாக இருந்தன. மழை கொஞ்சம் விட்டிருந்தது. பெண்களும் பிள்ளைகளும் குடிசைச் சார்ப்புகளின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கலியனுக்கு லூர்துமேரி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள். வேலம்மாள் ஈரப்பட்டோடு, "இன்னும் கொஞ்சம் போடும்மா, அந்தப் பொண்ணுக்கு வடை வெய்யி" என்று கல்யாண வீட்டுக்காரியாக நடந்துகொண்டிருந்தாள்.

காலி அண்டாவை மண்ணாங்கட்டி மழைத்தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தபோது பாஞ்சாலையின் குரல் கேட்டது.

"சாம்பாரே இல்லாத கல்யாணத்த இப்பத்தாண்ணே பாக்கறன். வடையிலயும் உப்பு கம்மி."

மண்ணாங்கட்டி நிமிர்ந்தார். இந்த மூன்று வருஷத்தில் அவருடைய வண்டியிலிருந்து வாங்கிச் சாப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். எல்லோரும் தலை குனிந்து வாங்கினார்கள், தலை குனிந்து சாப்பிட்டார்கள். குறை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"இன்னா சொன்ன, பாஞ்சால? இன்னொரு வாட்டி சொல்லு."

"காது கேக்கலயா? வடையில உப்பு கம்மின்னன்!"

"சமையக்காரன்கிட்ட சொல்றன்மா" என்றார் மண்ணாங்கட்டி. சிரிப்பை அடக்க முடியாமல் அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.