மஞ்சள் எந்தப் பக்கம்?

அந்த மருத்துவமனையின் சர்வர் அறையைக் கணவனும் மனைவியுமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுச் சண்டையை வேலைக்குக் கொண்டுவந்ததே இல்லை. இந்த முறை கொண்டுவந்துவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் வெளியூர் மாற்றலுக்குச் சம்மதித்துவிட்டார். அதையும் நாத்தனார் வாயால் கேட்க வேண்டிய தலையெழுத்து அவளுக்கு! அன்றோடு பேச்சு நின்றது.

காலையில், ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருக்கும் சர்வரில் எச்சரிக்கை வந்தது. அதற்கு இரண்டு பவர் சப்ளைகள். விளக்கு பச்சையாக எரிந்தால் நலம், மஞ்சள் என்றால் கோளாறு. ஒன்றில் மஞ்சள். இன்னொன்று ஒற்றை ஆளாக மொத்தச் சுமையையும் தாங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் எரிவதைக் கழற்றி மாற்ற வேண்டும். தவறிப்போய்ப் பச்சையைப் பிடுங்கிவிட்டால், மாடியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கும் மருத்துவர்களுக்கு ரத்த முடிவு போகாது.

விளக்குகள் இருந்த சர்வரின் பின்பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. அவர் முகத்தைச் சுவரில் அழுத்திக் கையை மட்டும் உள்ளே விட்டார். அவள் எதிர்ப்பக்கம் நின்று, கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியை நீட்டி விளக்குகளைப் பார்த்தாள். கழற்றும் முன் அவர் ஒயரை ஆட்டுவார், அவள் நிறம் சொல்வாள், அவர் திருப்பிச் சொல்வார். அதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் அதற்குப் பேச வேண்டுமே!

"யாருக்காவது காது கேட்டா, இடது பக்கம்," என்றாள் சர்வரிடம்.

"சில பேர் குரல் தெருமுனை வரைக்கும் கேட்குமே," என்று அவரும் சர்வரிடமே சொல்லிவிட்டு, ஒயரை ஆட்டாமலே, பவர் சப்ளையைக் கழற்றும் கொக்கியைப் பிடித்தார்.

கண்ணாடியில் அவர் விரல் பச்சையின் பக்கம் தெரிந்தது. கண்ணாடி இடதை வலதாகக் காட்டும் என்பதை வீம்பில் மறந்தே போயிருந்தாள்.

"அய்யோ, என்னங்க! கையை எடுங்க, அது பச்சை!"

கை வெடுக்கென்று விலகியது. பிறகு அவர் மெல்ல ஒரு ஒயரை ஆட்டினார்.

"இது?"

"பச்சை."

"பச்சை. அப்போ இது?"

"மஞ்சள்... இருங்க, கண் சிமிட்டுது. நல்லா அழுத்துங்க."

அழுத்தினார். மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. ஒயர்தான் தளர்ந்திருந்தது.

"நல்லா இருக்கிறதைப் பழுதுன்னு கழட்டிப் போட்டிருப்போம்," என்றார்.

அவள் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினாள். சுவரில் நசுங்கிய முகம், மூக்கெல்லாம் சுண்ணாம்பு. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும்.

"அந்த மாற்றலைப் பத்தி உன்னைக் கேட்டிருக்கணும்."

"இப்போ கேளுங்க."

"போகலாமா?"

"வேண்டாங்க."

"வேண்டாம்," என்று திருப்பிச் சொன்னார் அவர்.