அரசாங்க நெட்டில் அச்சுதன்

வெள்ளிக்கிழமை காலையில் சுவாமி படங்களைத் துடைத்துப் பொட்டு வைத்த வைத்தீஸ்வரன், அரசாங்கம் மலிவாகக் கொடுத்திருந்த புது இன்டர்நெட் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தார். மனைவி போனபின் மாடம்பாக்கம் வீட்டில் அவர் ஒருவர்தான்.

"உங்க நெட்டு சுத்த வேஸ்ட்ப்பா, மூஞ்சியே தெரியல" என்று இத்தனை நாளும் பேச்சைப் பாதியில் முடித்துவிடுவான், பெங்களூரில் இருக்கும் மகன் அச்சுதன். இனி அப்படிச் சொல்ல முடியாது.

வீடியோவில் கூப்பிட்டார். மகனின் முகம் பளிச்சென்று தெரிந்தது. பார்வை மட்டும் பக்கத்து லேப்டாப்பில் இருந்தது.

"நல்லாத் தெரியறேனாடா?"

"ம்... சூப்பர்ப்பா."

"கவர்மென்ட் கனெக்‌ஷன்டா! இனிமே தினம் சாவகாசமாப் பேசலாம். எத்தனை மணிக்குக் கூப்பிடட்டும்?"

படம் ஒருமுறைகூட நின்றுபோகவில்லை. அச்சுதன் போனை அப்படியே விட்டுவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறையைவிட்டு வெளியே போவது துல்லியமாகத் தெரிந்தது.