பிள்ளையார் பேரில் ஒரு பாஸ்வேர்டு

மக்களே, அன்றைக்கு மதியம் நான் போனில் அப்படிக் கத்தியதை நீங்கள் இரண்டு பேரும் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் கடையில் என்ன நடந்தது என்று ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் எழுதுகிறேன்.

பழவங்காடியில் நான் வேலை பார்க்கும் பாத்திரக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாமான் எது வந்தாலும் எதிரே இருக்கும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த பிறகுதான் தொடுவோம். கம்ப்யூட்டர் வந்தபோதும் உடைத்தோம். பாஸ்வேர்டு வைக்க வேண்டும் என்றதும் முதலாளி யோசிக்கவே இல்லை, பிள்ளையார் பேரையே வைத்தார். காலையில் கடை திறந்து அதை அடிப்பதுதான் எங்களுக்குக் கும்பிடு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நான் அடிப்பேன். கடையின் மெயிலுக்கும் அதே பேர். பாத்திரக் கம்பெனியின் சைட்டிலிருந்து விலைப்பட்டியலை இறக்கும் சாஃப்ட்வேருக்கும் அதே பேர். வேறு எதையாவது வைத்தால் சாமிக்குக் குறைச்சல் போலத் தோன்றியது.

மூத்தவளே, உன் நர்சிங் விண்ணப்பம் போட்டபோது எனக்குச் சொந்தமாக மெயில் இல்லாததால் கடை மெயிலைக் கொடுத்தோம். "நல்ல காரியம், பிள்ளையார் பேரையே போடு" என்றாள் உன் அம்மா. நீயும் என் கண் முன்னால் அதையே பாஸ்வேர்டாகப் போட்டாய்.

நான் போனில் கத்திய அன்றைக்குத்தான் ஆப்ஷன், அதாவது நீ கேட்ட கல்லூரிகளின் வரிசை, மாற்றக் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அப்போது எந்தக் கல்லூரி எத்தனையாவதாக இருக்கிறதோ, அதை வைத்துத்தான் உனக்கு இடம்.

விலைப்பட்டியல் இறங்கவில்லை என்று முதலாளி கூப்பிட்டு, கரமனையிலிருந்து கம்ப்யூட்டர் பார்க்கும் மாமி வந்திருந்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, இந்த சாஃப்ட்வேர்ல ஓட்டை இருக்கு, புதுசு போடுங்கோன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. நீங்க போடலை. கம்பெனி சைட்டுல யாரோ பூந்து வேற எங்கேயோ திருப்பி விட்டிருக்கா. இதுவும் பின்னாலேயே போயிருக்கு."

"போனா போட்டும் மாமி. திரும்பி வந்துரும்லா?" என்றார் முதலாளி.

"வெறுங்கையோட போகலையே! ஆள் வீடு மாறிட்டான், அடுத்த தெருவுக்குப் போன்னு சொன்னா, நம்ம சாவியைப் பையில வெச்சுண்டுதானே போகணும்? இது போன எடத்துலயும் மெயில் ஐடி, பாஸ்வேர்டு ரெண்டையும் எடுத்து நீட்டியிருக்கு. அந்தப் பாஸ்வேர்டை வேற எங்கயாவது வெச்சிருக்கேளா?"

முதலாளி எதிரே கோயிலைப் பார்த்தார்.

"சரியாப் போச்சு. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. அதுக்கும் ஒரு தேங்கா ஒடச்சிருப்பேளே!"

மாமி கடை மெயிலைத் திறந்தார். காலையில் எங்களுக்குத் தெரியாத ஏதோ ஊரிலிருந்து யாரோ உள்ளே வந்து போயிருந்தார்கள். உன் விண்ணப்ப எண் அந்த மெயிலில்தான் இருந்தது.

வந்தவனுக்கு உன்னைத் தெரியாது. தெரிந்தவன் என்றால் காலிலாவது விழலாம். இவன் விளையாட்டுக்கு ஒரு கல்லூரியை மேலும் கீழும் மாற்றினால்கூடப் போதுமே. இரண்டு வருஷம் நீ கண் எரிய எரியப் படித்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

மாமியை நகரச் சொல்லிவிட்டு உன் விண்ணப்பத்தைத் திறக்கப் பார்த்தேன். பாஸ்வேர்டு தவறு என்றது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து மறுபடி அடித்தேன். தவறு என்றே வந்தது.

"இன்னொரு தடவை அடிக்காதேங்கோ, பூட்டிண்டுடும்" என்றார் மாமி.

உனக்குப் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுத்ததும்தான் அந்தக் கத்தல்.

"மாத்திட்டான் மக்கா! எவனோ மாத்திட்டான்!"

"எந்தா அப்பா? ஆரு, எதை மாத்தினா?"

"ஒன் பாஸ்வேர்டை!"

"அய்யோ, அது நான்தான் மாத்தினேன்."

"எப்பம்?"

"அப்ளிகேஷன் போட்ட அன்னைக்கே. நம்ம தெருவுல பாதிப் பேருக்கு அதுதானே பாஸ்வேர்டு. அம்மாட்ட சொல்லிராதீங்க, கேட்டோ."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மாமி விடவில்லை. "மெயில் அவன் கையில இருந்தா, மறந்துடுத்துன்னு சொல்லி வேற பாஸ்வேர்டு வாங்கிக்கலாம். ஆப்ஷன் அப்படியே இருக்கான்னு பாக்கச் சொல்லுங்கோ."

பஸ்ஸில் நின்றபடியே நீ போனில் திறந்து கல்லூரிகளின் பேரை ஒவ்வொன்றாக வாசித்தாய். நான் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். நடுவில் உன் குரல் அறுந்துவிட்டது. மூன்றாவது விரலை மடக்கினபடியே, போனைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

"...அப்பா, கேக்குதா? எல்லாம் இருக்கு. வச்ச மாதிரியே இருக்கு. டென்ஷன் அடிக்கண்டா."

மாமி மெயிலுக்கு உடனே வேறு பாஸ்வேர்டு போட்டார். அப்படியும் ஐந்து மணி வரை பயம் போகவில்லை. இட்லிப் பானை கேட்டு வந்தவருக்குக் குத்துவிளக்கை எடுத்துக் கொடுத்தேன். முதலாளி திட்டவில்லை. அவரும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் தனியாகத்தான் கடையைத் திறந்தேன். பழக்கத்தில் செருப்பைக் கழற்றினேன். மாமி மனப்பாடம் செய்ய வைத்த புது பாஸ்வேர்டை அடித்தேன். அர்த்தமே இல்லாத எழுத்தும் எண்ணும். திரை திறந்தது. ஆனாலும் ஏதோ விட்டுப்போன மாதிரி விரல்கள் அங்கேயே நின்றன. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, அந்தப் பேரை வாயால் சொன்னேன். யாருக்கும் கேட்காதபடி, மெதுவாக.