இரவல் தவளை

எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் மாமா தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே இப்படித்தான். கொடுத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர் தேடுவது அழுக்கை அல்ல, தலைப்பிரட்டையை. ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் அவர் வீட்டில் ஒவ்வொன்றுக்கும் தனித் தம்ளர். அத்தை ஒருமுறை அரைத் தூக்கத்தில் ஒன்றை வாய்வரை கொண்டுபோயிருக்கிறார்.

மாமா லிப்ட் மெக்கானிக். கண்ணாடித் தொட்டிக்குள் கட்டைவிரல் நீளத்தில் நீலத் தவளைகள் வளர்க்கிறார். தீனிக்குப் பறக்காத குட்டி ஈக்கள், பாட்டில் பாட்டிலாக. கதகதப்பாக இருக்குமென்று அந்த பாட்டில்களை லிப்ட் மோட்டார் அறையில் ஒளித்துவைத்து இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறார்.

"விஷத் தவளையாமே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் பயந்தபோது மாமா சிரித்தார். "அது காட்டுல திங்கிற எறும்பால வர்றதுங்க. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டா விஷமே இருக்காது."

"அப்போ இருபது வருஷமா இந்த வாய்க்கு மட்டும் எங்கிருந்து வருதாம்?" என்றார் அத்தை உள்ளிருந்து.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், விலங்கியல் வேறு. "நீ படிச்சவ. இது ஆணா பொண்ணா?" என்று மாமா ஒருநாள் கேட்டார். கல்லூரியில் தவளையை அறுத்திருக்கிறேன், முழுசாகப் பார்த்ததில்லை. மாமாவே சொன்னார், "விரல் நுனியப் பாருமா. அகலமா இருந்தா ஆம்பள." மூன்று வருடம் என்னதான் படித்தேன் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் மாமாவிடம் மிஞ்சியிருந்தவை எல்லாமே பெண். எனவே இதே தவளைகளை வளர்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் ஓர் ஆண் தவளையை இரவல் வாங்கினார். நிபந்தனை: ஆணையும், பிறக்கும் குட்டிகளில் பாதியையும் திருப்பித் தர வேண்டும்.

கடைக்காரர் முதல்முறை கேட்டு வந்த நாளில், ஆணின் முதுகில் ஒரு தலைப்பிரட்டை ஒட்டியிருந்தது. இந்த இனத்தில் சுமப்பது பெரும்பாலும் அப்பாதான்.

"புள்ளத்தாச்சிய யாராவது வெளிய அனுப்புவாங்களா?" என்றார் மாமா.

"யோவ், அது ஆம்பளய்யா!"

"சுமக்கறது யாரு?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். திரும்பிப் போனார். அடுத்த முறை மாமா, "குட்டிக்கு வால் இன்னும் மறையல." அதற்கடுத்த முறை, "இப்பதான் ஈ பிடிக்கப் பழகுது."

போன வாரம் அவர் அசையவில்லை. "இன்னைக்கு வாங்காம போறதில்ல." மாமா ஈரப்பாசி பரப்பிய டப்பாவில் எட்டில் நான்கு குட்டிகளையும் அப்பனையும் வைத்து மூடினார். ஆனால் டப்பாவை விடவில்லை. "குலுங்கும். நானே கொண்டாந்து தரேன்." கடைக்காரர் நம்பாமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது தாண்டிய இரண்டு பேர், ஒரே டப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நண்டுபோல் தெருவில் நடந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் மாமா மட்டும் திரும்பினார், டப்பாவோடு.

"என்ன மாமா?"

"அந்தாளு வீட்ல ஒரு ஈ உசுரோட இல்ல. பட்டினி போடவா வளத்தேன்?"

"சரி, அவர் என்ன சொன்னார்?"

மாமா குட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் விட்டார். கடைசியாக ஆண் தவளையை உள்ளங்கையில் எடுத்தவர், தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, வாசல் கதவைக் காலால் தள்ளிச் சாத்தினார்.